புது ஹெட்லைட் போட்ட பிறகு செல்ஃப் எடுக்கவில்லையா? வோல்ட் எங்கே தொலைகிறது என்று பாருங்கள்

பைக்கின் ஹெட்லைட்டை மாற்றி ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் பட்டனை அழுத்தினால் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். உடனே புது பேட்டரி வாங்குவார்கள். பத்து நாள் நன்றாக ஓடும், பிறகு அதே சத்தம். அடுத்தது ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்), அதற்கடுத்தது ஸ்டார்ட்டர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்). இரண்டு மூன்றாயிரம் ரூபாய் போன பிறகு யாராவது டூமை (ஹெட்லைட் உட்காரும் கிண்ணத்தை) கழற்றிப் பார்த்தால், புது விளக்கின் எர்த் வயரை, அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வயரை, பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே திருகி வைத்திருப்பார்கள்.

இதை வோல்டேஜ் டிராப் என்ற ஒரே கருத்தைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடிக்கலாம். பேட்டரியிலிருந்து கிளம்பும் 12 வோல்ட்டில் எவ்வளவு விளக்குக்கும் மோட்டாருக்கும் போய்ச் சேருகிறது, எவ்வளவு வழியிலேயே வெப்பமாக வீணாகிறது என்பதுதான் கேள்வி. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். அதைப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டால் பாகங்களை ஊகத்தில் மாற்ற வேண்டியிருக்காது.

விளக்குக்கும் செல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று விரல் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவான கேபிள். அது ஸ்டார்ட்டர் ரிலே வழியாக நேரே செல்ஃப் மோட்டாருக்குப் போகும். இன்னொன்று மெல்லிய வயர். அது மெயின் ஃபியூஸ் வழியாகச் சாவி சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர், இக்னிஷன் என்று கிளை பிரியும். செல்ஃப் பட்டனுக்கும் மின்சாரம் இந்த இரண்டாவது பாதையில்தான் வருகிறது. பட்டன் நேரடியாக மோட்டாரை ஓட்டுவதில்லை. ரிலேயை இழுக்கச் சொல்லி ஒரு சிறு மின்சாரத்தை அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தச் சிறு மின்சாரம் சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டித்தான் ரிலேக்குப் போக வேண்டும்.

வட்ட விளக்கு வைத்த பல வண்டிகளில் இந்தச் சுவிட்சுகளின் வயர்கள் எல்லாம் ஹெட்லைட் டூமுக்குள்தான் வந்து கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியில்) சேர்கின்றன. விளக்கு மாற்றுபவர் கை வைப்பதும் அங்கேதான். புது எல்.ஈ.டி விளக்கின் பின்புறம் உள்ள அலுமினிய ஹீட் சிங்க் பழைய பல்பை விட நீளமாக இருக்கும். அதை உள்ளே தள்ளும்போது இந்தக் கப்ளர்கள் நசுங்கி, அரைகுறையாக விலகி நிற்கும். செல்ஃப் எடுக்காததற்கு இதுவே போதும். பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஹெட்லைட் எப்போதும் எரியும்படி வடிவமைத்த பல வண்டிகளில் ஹெட்லைட் மின்சாரத்தைச் செல்ஃப் பட்டனின் உள்ளே இருக்கும் இரண்டாவது தொடர்பு வழியாகவே விட்டிருப்பார்கள். பட்டனை அழுத்தும் நொடியில் விளக்கு அணையும், பேட்டரி முழுவதும் மோட்டாருக்குக் கிடைக்கும். விட்டதும் விளக்கு திரும்ப எரியும். வேறு சில வண்டிகளில் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே விளக்கு எரியும். இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு ஹெட்லைட் தானாக எரிவது கட்டாயமாகி, விளக்கு சுவிட்சே இல்லாமல் போனதால் இந்த ஏற்பாடு இன்னும் முக்கியமாகிவிட்டது. புது விளக்கை நேரே பேட்டரியிலிருந்து எடுத்தால் இந்த ஏற்பாடு போய்விடும். செல்ஃப் அடிக்கும்போதும் விளக்கு 5 ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வழியில் தொலையும் வோல்ட்

வாய்க்கால் தூர்ந்திருந்தால் மதகில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். வயரும் அப்படித்தான். மெல்லிய வயர், களிம்பு ஏறிய முனை, தளர்ந்த திருகு, கருகிய சுவிட்ச் இவை ஒவ்வொன்றும் வாய்க்காலில் சேர்ந்த வண்டல். தண்ணீர் குறைவாகப் போனால் வண்டல் தெரியாது; அதிகமாகத் திறந்தால்தான் தெரியும். அதனால்தான் பழைய 35 வாட் பல்பில் தெரியாத குறை, 100 வாட் பல்பு போட்டதும் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் சுமார் 8.3 ஆம்பியர். 0.5 சதுர மி.மீ செம்பு வயரின் தடை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.035 ஓம். போக வர 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.105 ஓம். இதில் 8.3 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.87 வோல்ட் வயரிலேயே போய்விடும். சாவி சுவிட்ச், டிம்மர் சுவிட்ச், கப்ளர்கள் சேர்ந்து இன்னொரு 0.1 ஓம் இருந்தால் மேலும் 0.8 வோல்ட். பேட்டரியில் 12.6 இருக்க, பல்புக்குப் போய்ச் சேருவது 10.9தான். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பெரிய பல்பு போட்டும் ‘வெளிச்சம் பத்தவில்லை’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெளிச்சக் குறைவை விட மோசமானது சுவிட்சில் உண்டாகும் வெப்பம். தடையில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 0.1 ஓம் தடையுள்ள ஒரு தொடர்பில் 5 ஆம்பியர் ஓடினால் 2.5 வாட் வெப்பம், 8.3 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 7 வாட். நகக்கண் அளவுள்ள பித்தளைத் துண்டு, சுற்றிலும் பிளாஸ்டிக், அதற்குள் 7 வாட். டிம்மர் சுவிட்சைப் பிரித்துப் பாருங்கள்: நல்ல தொடர்பு மஞ்சளாகப் பளபளக்கும். சூடு கண்ட தொடர்பு நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகி, ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பல்பு ஹோல்டரிலும் அப்படியே: எச்4 (டிம், பிரைட் இரண்டு இழைகளும் உள்ள பல்பு) ஹோல்டரின் மூன்று பின்களில் ஒன்றைச் சுற்றி மட்டும் பழுப்பு வட்டம் தெரிந்தால், அந்தப் பின் தளர்ந்துவிட்டது என்று பொருள். பல்பை மாற்றிப் பயனில்லை. ஹோல்டரை மாற்ற வேண்டும், வயரை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புது முனை போட வேண்டும். செம்பு கருத்துப் போயிருந்தால் சாலிடர் ஒட்டாது, கிரிம்பும் (முனையை நசுக்கி இறுக்குவதும்) நிற்காது.

மேலே சொன்ன செல்ஃப் பட்டனின் இரண்டாவது தொடர்பும் இப்படித்தான் எரிகிறது. அது போய்விட்டால் செல்ஃப் எடுக்கும், ஆனால் வண்டி கிளம்பிய பிறகு ஹெட்லைட் வராது. பட்டனை வெளியே இழுத்தாலோ தட்டினாலோ வரும். அப்படி இருந்தால் பல்பைச் சந்தேகிக்காமல் நேரே பட்டனைப் பிரியுங்கள்.

கை வைக்கும் முன்: உங்கள் விளக்கு ஏ.சி-யா டி.சி-யா

பழைய 100, 125 சிசி வண்டிகளில் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதே இல்லை. இன்ஜினோடு மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து வரும் ஏ.சி மின்சாரம் நேரே விளக்குக்குப் போகும். ஒரே காயிலின் ஒரு பாதி அலை பேட்டரியை சார்ஜ் செய்யும், மறுபாதி விளக்கை எரிக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடி, விட்டால் மங்குவது இதன் அடையாளம். உறுதிப்படுத்த, இன்ஜினை ஓடவிட்டு விளக்கை எரியவிட்டு, மீட்டரை டி.சி 20 வோல்ட்டில் வைத்து பல்பு ஹோல்டரில் அளந்து பாருங்கள். 12-க்கு மேல் நிலையாகக் காட்டினால் டி.சி. சிறிய எண்ணாகவோ மைனஸ் எண்ணாகவோ ஆடிக்கொண்டே இருந்தால் ஏ.சி.

ஏ.சி வண்டியில் டி.சி-க்கான எல்.ஈ.டி-யைப் போட்டால் மின்னி மின்னி எரியும், அல்லது எரியவே எரியாது. சில நாளில் அதன் டிரைவர் (எல்.ஈ.டி-க்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்) போகும். இதைப் பார்த்து சிலர் விளக்கை மட்டும் பேட்டரிக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போதுதான் செல்ஃப் பிரச்சினை தொடங்குகிறது. இந்த வண்டிகளில் பேட்டரி 3 ஏ.எச் (ஆம்பியர்-மணி) அளவில்தான் இருக்கும். 55 வாட் விளக்கு 4.6 ஆம்பியர் இழுக்கும். சார்ஜ் செய்யும் பக்கமோ ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் மட்டுமே போதுமானபடி வடிவமைக்கப்பட்டது. அரைமணி நேர இரவு ஓட்டத்தில் பேட்டரி காலி. பேட்டரிக்கு மாற்ற வேண்டுமென்றால் காயிலை ஃபுல் வேவ் முறைக்கு (இரண்டு பாதி அலைகளும் பேட்டரிக்குப் போகும்படி) மாற்றி, அதற்குரிய ஆர்.ஆர் யூனிட்டும் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) போட வேண்டும். காயிலின் எர்த் முனையைப் பிரித்தெடுக்கும் வேலை அது. காயில் பிளேட்டைப் பிரித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாங்களே செய்யாமல் இருப்பது நல்லது.

சத்தத்தைக் கேளுங்கள்

முதல் வேலை, புதிதாகப் போட்ட விளக்கின் ஃபியூஸை உருவிவிடுவது. ஃபியூஸே போடவில்லையென்றால் அதன் வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றுங்கள். பேட்டரியில் கை வைக்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டு தீப்பொறி பறக்கும். பேட்டரியை நன்றாக சார்ஜ் செய்து இரண்டு நாள் புது விளக்கு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால், கோளாறு விளக்கு வயரிங்கில். போகவில்லையென்றால் விளக்கு குற்றவாளி அல்ல, அல்லது விளக்கு மாற்றும்போது வேறொன்று அசைந்திருக்கிறது.

பிறகு பட்டனை அழுத்திக் காதை வைத்துக் கேளுங்கள்.

‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்தால் ரிலே இழுக்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் பாய்ந்ததும் வோல்ட் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, திரும்ப இழுக்கிறது. பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் தளர்வு. ஒரே ஒரு ‘டக்’ என்று கேட்டு நின்றுவிட்டால் ரிலே இழுத்துப் பிடித்திருக்கிறது. அதன் உள்தொடர்போ, தடித்த கேபிளோ, மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ குறை. சத்தமே இல்லை, ஆனால் ஹாரன் நன்றாக அடிக்கிறது என்றால் பேட்டரியை விடுங்கள்: கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, டூமுக்குள் விலகிய கப்ளர் இவற்றைப் பாருங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, நியூட்ரலில் கிளட்ச் இல்லாமல் ஒருமுறை என்று முயன்றால் எந்தச் சுவிட்ச் என்று பாதி தெரிந்துவிடும். மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றி இன்ஜின் சுற்றவில்லையென்றால் மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச்தான் குறை. அது மின்சாரக் கோளாறே அல்ல.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பற்றவில்லை என்பது தனி வகை. விளக்கு போட்டவர் சாவி போட்டதும் வரும் மின்சாரத்துக்காக இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரையே கீறி ஜாயின்ட் போட்டிருப்பார். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்குகிறது, விளக்கு அந்த வயரிலிருந்து மேலும் ஒன்றரை வோல்ட்டைத் தின்கிறது, காயிலுக்கு எட்டரைதான் கிடைக்கிறது. பொறி மெலிந்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியூவல் இன்ஜெக்ஷன் என்பதால் இன்னும் கஷ்டம்: வோல்ட் ரொம்ப இறங்கினால் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அணைந்து மறுபடி எழும், ஃபியூவல் பம்ப் அழுத்தம் ஏறாது. இந்த வண்டிகளில் இக்னிஷன், இசியூ, பம்ப் வயர்களைத் தொடவே கூடாது.

மீட்டரில் பார்க்க வேண்டிய எண்கள்

மீட்டர் டி.சி 20 வோல்ட் அளவில். இரவு முழுக்க நின்ற வண்டி, சாவி ஆஃப்: நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.0 என்றால் காலியாகும் நிலை. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தகடு செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும்; பட்டனை அழுத்தினால் 7-க்கு விழும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 10 வோல்ட்டுக்குக் கிட்டே நிற்க வேண்டும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியை சார்ஜ் செய்து திரும்பப் பாருங்கள். மறுபடியும் அப்படியே விழுந்தால் மாற்றிவிடலாம்.

பேட்டரி தேறிவிட்டால் அடுத்தது டிராப். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் ஈயத்தின் மேலேயே வையுங்கள், திருகின் மேல் அல்ல. கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் டெர்மினலில். பட்டனை அழுத்தும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து பேட்டரி நெகட்டிவ் ஈயத்துக்கும் இன்ஜினின் பெயின்ட் இல்லாத போல்ட்டுக்கும் நடுவே: 0.3-க்குள். இதில் எது கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் வண்டல். மீட்டரை முனைமுனையாக நகர்த்திக்கொண்டே போனால், எந்த ஒரு ஜாயின்ட்டைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அதுவே குறையுள்ள ஜாயின்ட்.

விளக்குக்கும் இதே முறைதான். விளக்கை எரியவிட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பு ஹோல்டரின் எரியும் பின்னுக்கும் நடுவே 0.5-க்குள், பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2-க்குள். விளக்கு அணைந்திருக்கும்போது அளந்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். மின்சாரம் ஓடினால்தான் டிராப் தெரியும். ஆரம்பத்தில் எல்லாரும் செய்யும் பிழை இது: ஹோல்டரைக் கழற்றி அளந்து 12.5 காட்டுகிறது என்று வயரை நல்லது என்று தள்ளிவிடுவது.

எர்த் பக்கம் மோசமாக இருந்தால் மீட்டர் இல்லாமலும் ஒரு அடையாளம் தெரியும். டிம் போட்டால் விளக்கு மங்கலாக எரியும், மீட்டர் போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாகத் தெரியும். எர்த்துக்குப் போக வழியில்லாத மின்சாரம் மற்ற இழை வழியாகவும் நீல விளக்கு வழியாகவும் திரும்பிப் போகிறது என்று அர்த்தம்.

கடைசியாக சார்ஜிங். இன்ஜினை ஓடவிட்டு எல்லா விளக்கும் போட்டு, பேட்டரி முனையில் அளவு. ஆக்சிலரேட்டர் 4000 ஆர்.பி.எம் அளவில் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்பும் பேட்டரியும் அடுத்தடுத்துப் போகும். ஐடிலில் 12.6-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், நீங்கள் போட்டிருக்கும் விளக்குகளை இந்தக் காயில் சிக்னலில் நிற்கும்போது தாங்காது. நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அது பரவாயில்லை. தினமும் நகரத்துக்குள் நின்று நின்று போகிறவருக்கு அதுதான் காலையில் செல்ஃப் எடுக்காததற்குக் காரணம். வாட்டைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி சார்ஜிங்கைச் சோதிக்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். வோல்ட் திடீரென்று எகிறி இசியூவை எரித்துவிடும்.

நிறுத்தி வைத்த வண்டியில் காலியாகும் பேட்டரி

இரண்டு நாள் எடுக்காவிட்டால் செல்ஃப் போய்விடுகிறது என்றால் எங்கோ ஒன்று தூங்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சாவி ஆஃபில் இருக்க வேண்டும். இந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸோ மீட்டரேயோ போகும். சாதாரணமாகச் சில மில்லி ஆம்பியர்தான் காட்டும். 0.05 அல்லது 0.1 ஆம்பியர் காட்டினால் அதுதான் திருடன். 5 ஏ.எச் பேட்டரியில் 0.05 ஆம்பியர் ஓடினால் 100 மணி நேரத்தில் முழுவதும் காலி. செல்ஃபுக்குத் தேவையான பலம் அதற்கும் வெகு முன்னாலேயே போய்விடும். புது விளக்குக்குப் போட்ட ரிலேயின் காயிலைச் சாவிக்குப் பின்னால் எடுக்காமல் நேரே பேட்டரியில் கொடுத்திருந்தால் 0.15 ஆம்பியர் அளவில் காட்டும். யுஎஸ்பி சார்ஜர், ஜிபிஎஸ், ரிமோட் பஸ்ஸர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி எண் எப்போது விழுகிறது என்று பாருங்கள்.

ஒழுங்காகப் போடும் முறை

55 வாட்டுக்கு மேல் எதைப் போட்டாலும் ரிலே வேண்டும். நான்கு முனை ரிலே; அதன் முனைகளில் பொறித்திருக்கும் எண்கள் 30, 87, 85, 86. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு கையளவு தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 1 சதுர மி.மீ வயர் முனை 30-க்கு. முனை 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஹோல்டருக்கு வந்த வயர் முனை 86-க்கு. முனை 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. இப்படிப் போட்டால் பழைய சுவிட்சில் ரிலேயின் 0.15 ஆம்பியர் மட்டுமே ஓடும், பட்டனும் டிம்மரும் கருகாது. செல்ஃப் பட்டன் பழைய வயரைத் துண்டிக்கும்போது ரிலேயும் விட்டுவிடும் என்பதால், வண்டியில் அந்த வசதி முதலில் இருந்திருந்தால் அதுவும் அப்படியே நிற்கும். ஐந்து முனை ரிலே கிடைத்தால் நடுவில் உள்ள 87ஏ-வைத் தொடாதீர்கள். ரிலே அணைந்திருக்கும்போது அதில்தான் மின்சாரம் இருக்கும். ஏ.சி விளக்கு வயரை 86-க்குக் கொடுத்தால் ரிலே ‘கிர்ர்’ என்று துடிக்கும், தொடர்பு எரிந்துபோகும்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடுவதும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் வயரை எரிக்கும் வேலை. பல்பு ஹோல்டரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும். வயரை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் தோல் உரிந்திருக்கிறது.

நிறத்தை வைத்து வயரை முடிவு செய்யாதீர்கள். ஹோண்டாவிலும் ஹோண்டா வழி வந்த ஹீரோ வண்டிகளிலும் பச்சை எர்த், கறுப்பு சாவிக்குப் பின் வரும் பாசிட்டிவ். யமஹாவில் கறுப்புதான் எர்த், பழுப்பு பாசிட்டிவ். ஒரு வண்டியில் பழகிய கையோடு இன்னொன்றில் கறுப்பை எர்த் என்று நினைத்து இணைத்தால், சாவி போட்டதும் மெயின் ஃபியூஸ் போகும்.

எர்த்தை ஹேண்டில் பாரிலோ விளக்குத் தாங்கியிலோ பவுடர் கோட்டிங் அடித்த கிராஷ் கார்டிலோ எடுக்க வேண்டாம். ஹேண்டிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருப்பது கிரீஸ் தடவிய கோன்செட் (ஸ்டியரிங் பேரிங்) குண்டுகள்தான்; ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் அந்தத் தொடர்பு மாறும். தனி வயராகப் பேட்டரி நெகட்டிவுக்கோ வண்டியின் பொது எர்த் முனைக்கோ கொண்டுபோங்கள். பேட்டரி திருகில் நாலைந்து வளையங்களைச் சேர்த்துப் போடும்போது வரிசை முக்கியம்: செல்ஃபின் தடித்த கேபிள் ஈயத்தைத் தொட்டபடி அடியில், புது விளக்கின் மெல்லிய வளையம் அதன் மேலே. தலைகீழாகப் போட்டால் செல்ஃபின் முழு மின்சாரமும் மெல்லிய தகட்டின் வழியாகத்தான் போகும்.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது நம் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நிற்காது. டேப்பின் பசை இளகி வழியும், உள்ளே தண்ணீர் இறங்கி செம்பு பச்சையாகும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இன்னும் நல்லது, வண்டியின் வயரை வெட்டாமல் பழைய ஹோல்டரில் அப்படியே செருகும் ரெடிமேட் ரிலே செட். சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் இது எளிதாகக் கிடைக்கும். வாரன்டி உள்ள வண்டியில் வயரை வெட்டியிருந்தால் சர்வீஸ் சென்டரில் வாதாட இடமிருக்காது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு, எதிரே வருபவர் கண்ணைப் பறிக்காத வாட்டிலேயே நில்லுங்கள்.

எல்லாம் மூடிய பிறகு ஒரு சோதனை. இன்ஜினை ஐடிலில் விட்டு, விளக்கு எரிய, ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெதுவாக ஐந்தாறு முறை திருப்புங்கள். விளக்கு கண் சிமிட்டினாலோ இன்ஜின் இருமினாலோ ஸ்டியரிங் கழுத்தில் வயர் இழுபடுகிறது. கேபிள் டையை வெட்டி, கழுத்துப் பகுதியில் வயர் தொய்வாக இருக்கும்படி திரும்பக் கட்டுங்கள். தோல் நன்றாக இருந்தும் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கலாம்; அந்த இடத்தை விரலால் மடித்துப் பார்த்தால் சட்டென்று மடங்கும், நல்ல வயர் போல எதிர்த்து நிற்காது.

பிறகு நான்கு எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, சீட்டுக்கு அடியில் டூல் பையில் வையுங்கள்: சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது, 4000 ஆர்.பி.எம்-மில், விளக்கு எரியும்போது எர்த் பக்க டிராப். அடுத்த மழைக்காலத்தில் செல்ஃப் மக்கர் செய்தால், மறுபடி அளந்து காகிதத்தோடு ஒப்பிட்டு, எந்த எண் மாறியிருக்கிறதோ அங்கிருந்து பிரிக்கத் தொடங்கலாம்.